பூஜையில் விட்ட ஸ்பேனர்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. கிடைத்த வேலையோ உட்காருகிற வேலை. பாண்டிச்சேரியில் ஒரு கார் சர்வீஸ் சென்டர். வருகிறவர்களிடம் வண்டிக்கு என்ன குறை என்று கேட்டு டேப்லெட்டில் தட்டி உள்ளே அனுப்ப வேண்டும். நான் உள்ளே போய்க் கை வைக்க முடியாது. வைத்தாலும் ஒன்றும் இல்லை, இப்போது வருகிற வண்டிகளில் பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். அதனால் லீவு கிடைத்தால் கீழ்புத்துப்பட்டு வீட்டில் நிற்கமாட்டேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் மேலும் கீழும் சுற்றுவேன், எந்தத் தோப்பில், எந்தச் சுவருக்குப் பின்னால் பழைய கார் நிற்கிறது என்று பார்க்க. அம்மா இதற்கு நாய் பிடிக்கிற வேலை என்று பெயர் வைத்திருந்தாள்.

ஹெரால்டைப் பற்றிச் சொன்னது சதீஷ். என்னோடு படித்தவன், வழியில் நின்றுபோன வண்டிகளை ஏற்றிவரும் ரெக்கவரி வேன் ஓட்டுகிறான். மரக்காணத்தில் அரசப்பன் என்று ஒரு உப்பளக்காரர் இருக்கிறார், அளத்துக் கொட்டகைக்குள் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருக்கிறார், எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காதவர் இப்போது சும்மாவே கொடுக்கிறாராம் என்றான். நான் அன்றைக்கே போய் நின்றேன்.

அரசப்பன் வீட்டு ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவரும் அவர் மனைவி தையல்நாயகியும் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அரசப்பன் நல்ல உயரம், பெரிய கைகள், இரண்டு முட்டியிலும் பெல்ட். வண்டி விஷயமாக வந்தேன் என்றதும் எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்துவிட்டார். நான் யார், என்ன செய்வேன், வண்டியை எங்கே வைப்பேன், எதுவும் கேட்கவில்லை. தவறிப்போய்ப் போட்டு வந்த அடுத்தவர் செருப்பைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் அந்த வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர் என்று ஊரே சொல்கிறது.

"ஏன் பெரிப்பா விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"சாப்ட்டு எழுந்தவன் எலைய திரும்பிப் பாப்பானாம்மா?" என்றார். பிறகு கீரைக்காம்பைப் போட்டுவிட்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

போன ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் உப்பு வாரும் பலகைகளையும் கார் ஸ்பேனர்களையும் கொட்டகையில் கழுவி அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி அன்று கட்டாயம் எடுக்க வேண்டும். மழை வந்து அளத்தில் வேலை நின்றுபோயிருந்தாலும் பலகையை எடுத்துப் பேருக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வைப்பார்கள். எடுக்காமல் விட்டால் வேலை பூஜையிலேயே நின்றுவிடும் என்பார்கள். அவரும் மறுநாள் போயிருக்கிறார். பலகையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். ஸ்பேனர்கள் பக்கம் திரும்பியபோது, எதற்கு என்று தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அதற்கப்புறம் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

"வருத்தமா இல்லையா?"

"இல்லியே. முட்டி வலி கொறஞ்சுது. இவ கூட கடக்கரைக்கு நடக்கிறேன். நேரத்துக்கு சாப்புடறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வண்டிய எடுத்துக்கோ. செவுத்தோரப் பலக மேல இருக்கிற ஸ்பேனருங்கள மட்டும் தொடாத. அது பூஜையில இருக்குது" என்றார்.

இடது கதவில் ஒரு பெரிய நசுங்கல் இருப்பதாகச் சதீஷ் சொல்லியிருந்தான். அது எப்படி என்று கேட்டேன். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரே ஒரு தடவை சிரிப்பு வந்தது. அது பெரிய கதை, இன்னொரு நாள் சொல்கிறேன் என்றார். தையல்நாயகி பெரியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் உடனே கீரைக்குத் திரும்பிவிட்டார்.

இதில் எனக்கு அவசரம் ஒன்று இருந்தது. அளத்தை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. மாதக் கடைசியில் அவர் கொட்டகையில் உப்பு மூட்டை அடுக்க வருகிறார். அதற்குள் வண்டி வெளியே வராவிட்டால் கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடுத்துப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ரெக்கவரி வேனைக் கொண்டுவரலாம் என்றால் ரோட்டிலிருந்து கொட்டகைக்குப் போகிற வரப்பு அதன் எடையைத் தாங்காது. தள்ளிக்கொண்டு வரலாம் என்றால் நடுவில் ஒரு மதகு, அதன் மேட்டில் உப்புச்சேறு, கால் வைத்தால் வழுக்குகிறது. ஆகவே ஹெரால்டு தன் இஞ்சினில் தானே ஓடி வர வேண்டும். ஓடினால் என் வண்டி. ஓடாவிட்டால் இரும்பு.

லீவு போட்டுவிட்டு மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தேன். கீற்றுக் கூரை, மண்தரை, தரை முழுக்க உப்புத்தூள் படிந்து வெள்ளையாக இருந்தது. நடுவில் நீல நிற ஹெரால்டு. ஹெரால்டுக்கு பானெட் மட்டும் தனியாகத் திறக்காது, மூக்கு, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாதியே முன்னால் கவிழும். கவிழ்த்துப் பார்த்தேன். உப்புக் காற்றில் இத்தனை மாதம் கிடந்த இஞ்சின் மாதிரியே இல்லை. ஒவ்வொரு போல்ட் தலையிலும் எண்ணெய் மினுங்கியது. முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய். கிரீஸ் உப்புக்காற்றுக்குத் தாங்காது என்று அரசப்பன் போல்ட் மரையில் விளக்கெண்ணெய்தான் தடவுவார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவ்வளவு நன்றாகத் தடவியிருக்கிறார், இன்னும் காயவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரோரப் பலகையில் காய்ந்த வாழையிலை மேல் ஸ்பேனர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு சாமி படம், மாலை நாராகிப்போயிருந்தது. எல்லாவற்றின் தலையிலும் பிடியிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்திருந்தன. அரை இஞ்ச் ஸ்பேனரில் மட்டும் தலையில் பொட்டு அப்படியே இருந்தது, பிடியில் சந்தனம் இல்லை. விரல் படுகிற இடம் பளபளவென்று இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் டூல்பாக்ஸைத் திறந்தேன். அப்போது எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

அன்றைக்குக் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி மாட்டினேன். தீப்பொறி விழுகிற பாயின்ட்டை உரசிச் சுத்தம் செய்தேன். பத்து மணிக்கெல்லாம் அளத்தில் வாருகிறவர்கள் கரையேறிவிடுவார்கள், அதற்கு மேல் அந்த வெள்ளையில் கண் திறக்க முடியாது. நானும் வெயில் தாங்காமல் அவர்களோடு கிளம்பிவிட்டேன். மறுநாள் வந்தால் கார்புரேட்டர் இஞ்சினில் இல்லை. தரையில் ஒரு கொட்டாங்கச்சி, அதற்குள் அதன் ஸ்க்ரூ, ஜெட், ஊசி எல்லாம் கழற்றிய வரிசையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் விளக்கெண்ணெய்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. இன்னொரு சாவி அரசப்பனிடம்தான் இருக்க வேண்டும் என்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் பெரியம்மா, நேற்று பொழுதுக்கும் இருவரும் திண்டிவனத்தில் கண் டாக்டரிடம் இருந்ததைச் சொல்லி, அங்கே போட்ட சொட்டுமருந்தைக்கூட எடுத்துக் காட்டினார். அரசப்பன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நகமெல்லாம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

சதீஷ்தான் விளையாடுகிறான் என்று அவனைத் திட்டினேன். "நான் சோத்துக்கே வேனை நிறுத்த முடியாம ஓட்னு இருக்கேன், உன் கார்புரேட்டர கழட்டறதுக்கு உப்பளத்துக்கு வருவேனா" என்றான். அவன் சொன்னது நியாயம். அவனுக்குக் கொட்டாங்கச்சியில் வரிசையாக வைக்கிற பொறுமை கிடையாது.

மறுபடி மாட்டினேன். மறுபடி கழன்றிருந்தது. இந்த முறை டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்து. அதை மாட்டினால் அடுத்த நாள் பெட்ரோல் பம்ப். எதுவும் உடையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. சொல்லப்போனால் நான் மாட்டியதைவிடச் சுத்தமாக இருந்தது. பம்புக்குள் எனக்குத் தெரியாமல் கிழிந்திருந்த ஒரு வாஷருக்குப் பதிலாக டியூபில் வெட்டிய புது வாஷர் இருந்தது. திருடனும் இல்லை, கெடுக்க நினைப்பவனும் இல்லை. வண்டியின் மேல் உயிரையே வைத்திருக்கிற யாரோ. ஆனால் அந்த யாரோவுக்கு வண்டி ஓட வேண்டும் என்று மட்டும் இல்லை.

மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது. அன்று காலை கரையேறிப் போகிற பெண்களில் ஒருத்தி, மேரிசெல்வி, கொட்டகை வாசலில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். எனக்கா அக்கா என்றேன்.

"உனக்கு இல்லம்மா. அண்ணனுக்கு. மழ உட்டதுலேர்ந்து நாங்கதான் வைக்கிறோம்."

"எந்த அண்ணனுக்கு?"

"அரசப்பண்ணனுக்குதான். உச்சிப்பொழுதுல உள்ளாற வேல செய்வாரே, அந்தாண்ட போனா சத்தம் கேக்குமே. கூப்புட்டா ஏன்னு கேக்க மாட்டாரு. எப்பவுமே அப்டிதான், வண்டிக்கு அடியில போய்ட்டா காது கேக்காது."

தண்ணீர் குடித்திருக்கிறாரா என்று கேட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டில் காலியாகத்தான் இருக்கும் என்றாள். அவர் கொட்டகைப் பக்கமே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாளையிலிருந்து தண்ணீர் வைக்கமாட்டாள். அது எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை.

அன்றைக்கு நான் போகவில்லை. கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கியர்பாக்ஸைத் தாங்குகிற இரண்டு போல்ட்டுகளை மட்டும் இறுக்கினால் வண்டி தயார் என்கிற நிலையில் நிறுத்தியிருந்தேன். அந்தப் போல்ட்டுகள் அரை இஞ்ச் அளவு. என்னிடம் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர். பதின்மூன்றைப் போட்டால் பிடிக்கிற மாதிரி இருந்துவிட்டு வழுக்கும், முனை தேய்ந்துபோகும். ஆன்லைனில் போட்ட இஞ்ச் செட் இன்னும் வரவில்லை.

வெளியே சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மோட்டார் நின்றது. பேச்சு நின்றது. ரோட்டில் போகிற பஸ் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் போவதுபோல் ஆயிற்று. கீற்று இடுக்கு வழியாக வெயில் குச்சிகுச்சியாக இறங்கியது. காக்கா இல்லை. பல்லி இல்லை. எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன்.

டக்.

வண்டிக்கு அடியிலிருந்து. பிறகு டக், டக், என்று இறுக்குகிற சத்தம். கடைசியில் மெல்ல ஒரு கிரீச். அதுவும் ஊரில் சொல்லிச் சிரிக்கிற அரசப்பன் பழக்கம்தான். உப்புக்காற்றில் முழுக்க இறுக்கினால் மரை பிடித்துக்கொள்ளும் என்று கடைசியில் கால் சுற்று பின்னால் தளர்த்தி வைப்பார். மறுபடி டக், டக், கிரீச்.

தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் ஒரு கோணிச் சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் யாரும் இல்லை. ஆனால் சாக்கு அமுங்கியிருந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம், இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. சாக்கு முடிகிற இடத்தில், உப்புத்தூளில், இரண்டு குதிகால் அழுந்திய குழி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது குழி நீண்டு ஒரு கோடாயிற்று, காலை உதைத்துக் கொஞ்சம் மேலே நகர்கிற மாதிரி.

கத்தவில்லை. ஓடவும் இல்லை. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. நான் மாட்டி வைத்ததில் இவன் கை வைக்கிறான் என்று வந்தது.

அப்போது சத்தம் நின்றது. நின்று அப்படியே இருந்தது. மெக்கானிக் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த நிறுத்தம் என்னவென்று தெரியும். அடியில் இருப்பவன் பார்க்காமலே கையை வெளியே நீட்டியிருக்கிறான், ஸ்பேனருக்குக் காத்திருக்கிறான் என்று அர்த்தம். எதுவும் தெரியவில்லை. ஆனால் காத்திருப்பது தெரிந்தது. என் கை தானாக என் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளியது.

ஒரு மூச்சு நேரம். ஸ்பேனர் தரையில் உரசிக்கொண்டு திரும்பி வந்து என் முட்டியில் இடித்தது.

இது வேண்டாமாம்.

இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கு எனக்கு ரோஷம்தான் வந்தது. இது என் வண்டி. சாவி என் கையில் இருக்கிறது. நாள் முடிகிறது. இது இப்படியே கழற்றிக்கொண்டும் மாட்டிக்கொண்டும் இருக்கும், குத்தகைக்கு எடுத்த ஆள் கட்டரோடு வந்து நிற்கும்போதும் கழற்றிக்கொண்டுதான் இருக்கும். எழுந்து பலகைக்குப் போனேன். அரை இஞ்சை எடுத்தேன். காய்ந்த பொட்டு என் உள்ளங்கையில் உதிர்ந்தது. பூஜையில் வைத்ததை எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை, அவ்வளவுதானே, யாராவது எடுத்தால் சரி என்று வாய்விட்டே சொன்னேன்.

அதை உள்ளே தள்ளவில்லை. நானே மல்லாந்து படுத்து உள்ளே போனேன்.

சாக்கு சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி. தோள் சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்தது. மேலே கருப்பு ஆயில் பூசிய அடிப்பாகம், மூக்குக்கு அரை அடி. ஸ்பேனரை மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு போல்ட்டை இறுக்கினேன். நிறுத்தலாம் என்று நினைத்தபோது என் மணிக்கட்டு தானாகத் திரும்பி, கால் சுற்று பின்னால் தளர்த்தியது.

அதற்கப்புறம் கொட்டகையில் என் சத்தத்தைத் தவிர எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஹெரால்டு ஸ்டார்ட் ஆயிற்று. மூன்றாவது முறை சாவியைத் திருப்பியதும் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வரப்பில் சதீஷ் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, ரைட்டு லெஃப்ட்டு என்று கை காட்டினான், நான் பாத்தியில் விழுந்தால் தன் வேன் பிழைப்புக்கு ஆயிற்று என்று சொல்லிச் சிரித்தான். மதகு மேட்டில் சக்கரம் ஒரு சுற்று சும்மா சுழன்று, பிறகு பிடித்து ஏறியது. ஈசிஆரில் ஏறியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேராக அரசப்பன் வீட்டுக்கு ஓட்டினேன். அவர் பார்க்க வேண்டும், வேறென்ன. ஹாரன் அடித்தேன். இருவரும் வெளியே வந்தார்கள், கடற்கரைக்குக் கிளம்புகிற நேரம் போலிருக்கிறது, அவர் தோளில் துண்டு. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கதவில் கை வைத்தார். முகத்தில் மரியாதையான ஒரு புன்னகை இருந்தது.

"நல்லா கீதும்மா. இன்னா வண்டி இது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

"பெரிப்பா, உங்க வண்டி. ஹெரால்டு."

"எனக்கு ஏதும்மா காரு" என்றார். "நான் உப்புக்காரன். எனக்கு ஓட்டக்கூட வராதே." இடது கதவின் நசுங்கலைத் தடவி, யாரோ நன்றாக இடித்திருக்கிறான், பார்த்து ஓட்டு என்று புத்தி சொன்னார். பிறகு கேட்டைத் தாண்டி மெதுவாக நடக்கத் தொடங்கினார். மனைவி வருகிறாளா என்று பார்க்கத் திரும்பினார், வண்டியைப் பார்க்கவில்லை. வேறு யாரோ வந்து நிறுத்திய வண்டியைத் தாண்டிப் போவதுபோல் போனார்.

தையல்நாயகி பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தார். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது.

"எடுத்துட்டியா?"

தலையாட்டினேன். பாவம் என்று நினைத்தாரா, அப்பாடா என்று நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன.

"ஏதாச்சும் சாப்ட்டு போம்மா" என்றார். "இனிமே நீ எங்க நேரத்துக்கு சாப்புடப் போற."

இதெல்லாம் வைகாசியில் நடந்தது. ஹெரால்டு இப்போது எங்கள் வீட்டு முன்னால் ஷீட் போட்ட இடத்தில் நிற்கிறது. முதல் ஞாயிறு பாண்டிச்சேரி பீச் ரோடு வரை ஓட்டிக்கொண்டு போவது என்று சதீஷோடு பேசியிருந்தேன். கிளம்புகிற அன்று காலை வால்வு பக்கம் சின்னதாக ஒரு சத்தம். அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முன்பாதியைக் கவிழ்த்தேன். அடுத்த ஞாயிறு வேறு ஒரு சத்தம். சதீஷ் காதை வைத்துக் கேட்டுவிட்டு எந்தச் சத்தமும் இல்லை என்றான். அவனுக்குக் காது பத்தாது.

ஒரு நாள் அவன் கதவு நசுங்கலைத் தட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று, அது எப்படி நசுங்கியது என்பதைச் சொன்னேன். கூனிமேட்டுக்கிட்ட, கனமழை, ரோட்டில் தண்ணீர், எருமை ஒன்று தண்ணீருக்குள் நின்றது தெரியவில்லை, அது திரும்பி ஒரு முட்டு முட்டியது, இறங்கிப் பார்த்தால் அதற்கு ஒன்றும் இல்லை, நின்று என்னையே பார்த்தது. சொல்லிக்கொண்டே சிரித்தேன். அவன், என்னையே பார்த்ததுன்னா யாரை என்றான். அரசப்பன் சொன்ன கதை என்று சமாளித்தேன். அவர் சொல்லவே இல்லை. இன்னொரு நாள் சொல்கிறேன் என்றார், அந்த நாள் வரவில்லை. ஆனால் அந்த எருமையின் காதில் ஒரு கிழிசல் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜூலையில் வேலையை விட்டுவிட்டேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினாள், பேசி ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. ஒரு இடத்தில் உட்கார வராத நான் பொழுதுக்கும் ஒரே சாக்கின் மேல் படுத்திருக்கிறேன். ஒரே ஒரு பயம்தான். மரக்காணம் சந்தையில் அரசப்பனை ஒரு முறை பார்த்தேன். பெரியம்மாவோடு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். ஆரோக்கியமாக இருந்தார், முகம் கழுவிய மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. கொட்டகையில் பார்த்தது எதுவும் என்னை அப்படிப் பயமுறுத்தவில்லை.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஸ்பேனர்களைக் கேட்டபோது கொடுக்கவில்லை. ஆயுத பூஜை. அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்கூட்டி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது, உன்னுடையது மட்டும்தான் பாக்கி என்றாள். பூஜையில் வைத்தால் நாளைக்கு எடுக்க வேண்டும். நாளைக்குக் காலையில் எழுந்து, எதற்கு என்று எனக்குத் தோன்றிவிட்டால்? வைக்க மாட்டேன் என்று அடியில் படுத்தபடியே சொன்னேன். அம்மா பிறகு வெயில் ஏறுகிறது என்று ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

உச்சிப்பொழுதுக்குச் சதீஷ் வந்தான். அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள். வண்டிக்கு வெளியே அவன் செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"ஏய் கீதா, ஒரே ஒரு ஸ்பேனர் குடுத்துடு. பொட்டு வெச்சு உடனே தந்துடறேன். அம்மா அழுவுது."

நான் கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, பதில் சொல்ல நேரம் இல்லை. அடுத்த போல்ட்டுக்குச் சின்ன ஸ்பேனர் வேண்டும், இஞ்ச்சில் பதினாறில் ஏழு. கையை வெளியே நீட்டினேன். அவன் என் டூல்பாக்ஸைக் கிளறுகிற சத்தம் கேட்டது. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பார்க்கவே வேண்டியதில்லை, எடையிலேயே தெரிந்தது. மில்லிமீட்டர்.

தரையோடு திருப்பித் தள்ளிவிட்டேன். அது சிமென்ட்டில் உரசிக்கொண்டே போய் அவன் செருப்பில் இடித்து நின்றது.

கொட்டகையில் நடந்ததை எல்லாம் நான் அவனுக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறேன்.

செருப்பு அசையவில்லை. ஸ்பேனரும் அங்கேயே கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து, அவன் மெதுவாக, "கீதா?" என்றான். பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, உள்ளே யார் என்று கேட்கிற மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்க வாயைத் திறந்தேன். போல்ட் இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். செருப்பு ஒரு அடி பின்னால் போயிற்று. பிறகு இன்னொரு அடி.

நான் கையை மறுபடி வெளியே நீட்டினேன்.